அத்தானின் எடைச் சோதனை

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். புது லிஃப்டில் ஆளை ஏற்றுவதற்கு முன் இரும்புக் கட்டிகளை அடுக்கி, மேலும் கீழும் ஓட்டிப் பார்ப்பார். எவ்வளவு பெரிய முதலாளி வந்து நச்சரித்தாலும், தேறாத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். வீட்டிலும் அதே கூத்துதான். புது நாற்காலி வந்தால் முதலில் அரிசி மூட்டை உட்காரும், அப்புறம்தான் அக்கா.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கூட்டாளி. எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் இன்னும் ஓடாத கட்டடத்தில் அந்தக் கட்டிகளை மாடிப்படி வழியாகத்தான் சுமக்க வேண்டும். அத்தான் கட்டிகள் போட்ட பையை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறுவார். நெட்டை பின்னாலிருந்து பையின் மேல்பிடியைத் தூக்கிக் கொடுப்பார். டிரில் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. ‘பிடிச்சிட்டேன், ஏறு’ என்பதற்குப் பையில் இரண்டு தட்டு. ஓய்வு பெற்றதும் இருவரும் மலைமலையாகக் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். அதற்குள் நெட்டையை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது.

தனியாகவாவது போகிறேன் என்று அத்தான் புதுப் பை வாங்கினார். அவருடைய இடது முட்டி ஏற்கெனவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அக்கா மசியவில்லை.

“ஒரு பகல் முழுப் பாரத்தோட ஏறிக் காட்டுங்க. முட்டி தாங்கினா ராத்திரி தங்கப் போங்க. இல்லைன்னா பை பரணுக்குப் போயிடும்.”

கூடவே என்னைச் சாட்சியாக அனுப்பினாள். “டேய், இவர் வலியை வெளியே காட்ட மாட்டாரு. நீ பார்த்ததை அப்படியே வந்து சொல்லணும்.”

கூடாரம், போர்வை வைக்க வேண்டிய பையில் மனுஷன் வேலை இடத்து இரும்புக் கட்டிகளை அடுக்கியிருந்தார். தூக்கிப் பார்த்த எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஊருக்கு வெளியே ஒரு குன்று. நல்ல வெயில், ஆனால் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. சமதரையில் அத்தான் நொண்டி நொண்டித்தான் நடந்தார். ஏற்றம் தொடங்கியதும் விறுவிறுவென்று போக ஆரம்பித்தார். எனக்கு நாக்குத் தள்ளியது. பின்தங்கி ஒரு பாறையில் சாய்ந்தேன்.

மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. “மச்சான், கையை எடு! நீ தூக்கிக் கொடுத்தா அப்புறம் என்னடா சோதனை?”

எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு தெரு நீளம் இருக்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். பையின் மேல்பிடி விறைப்பாக மேலே நின்றது. தோள்பட்டை வார்கள் அவர் தோளைத் தொடவே இல்லை. பை இரண்டு முறை குலுங்கியது.

அத்தான் நின்றார். திரும்பினார். கீழே, தூரத்தில் என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

“நெட்டை,” என்றார் மெதுவாக. “விடுடா. என்னால தனியா முடியுமான்னு பார்க்கணும்.”

பிடி தொங்கியது. மொத்தப் பாரமும் ஒரேயடியாக இறங்க, முட்டி மடங்கி அத்தான் கல்லில் விழுந்தார். நான் ஓடிப்போனபோது விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். அவசரமாகப் பையின் ஜிப்பை இழுத்தேன்.

“அத்தான், கட்டியை எல்லாம் இங்கேயே கொட்டிட்டு ஓடிடலாம்.”

என் கையைத் தள்ளிவிட்டார். தானே தட்டுத் தடுமாறி எழுந்து, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக் காத்திருந்தார். பிடி மறுபடி நிமிர்ந்தது.

இறங்கும்போது அவர் நொண்டவே இல்லை. நான் முன்னால் நடந்தேன். அவருக்குப் பின்னால் எனக்கு இடமில்லை என்று தோன்றியது.

அக்கா வாசலிலேயே நின்றாள். “முட்டி?”

“தேறலை,” என்றார் அத்தான். பொய்க் கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷன். “தனியா என்னால ஏற முடியாது.”

ஜெயித்துவிட்ட அக்கா, அவர் கண் சிவந்திருந்ததைப் பார்த்து இளகிப்போனாள். “சரி, விடுங்க. தனியாப் போக வேணாம், இவனைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரா போனா நான் தடுக்கலை.”

“இவன் வேணாம். ஆள் இருக்கு.”

“யாருங்க?” என்று அவரைக் கேட்டவள், அவர் பையோடு உள்ளே போய்விட, என்னைப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்ல வேண்டிய சாட்சி நான். குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தேன்.