பால் மறக்க வைத்த கொட்டாஞ்சேனைப் பயணம்

போரால் தரைப்பாதை மூடிக் கிடந்த பங்குனி மாதத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா விமானத்தில் கொழும்புக்கு வந்தாள். கையில் ஒன்பது மாத மகன், மார்பில் புற்றுநோய். மருந்தேற்றத் தொடங்கினால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துணைக்கு நான் லண்டனிலிருந்து போனேன். சுண்டெலிகளின் பாற்சுரப்பியை ஆராய்வது என் வேலை. படித்த படிப்பு அந்த நேரத்தில் ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். மருத்துவமனை இருந்த கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் வரும்; ஓட்டோவுக்கு 450 ரூபா பேசினோம். பஸ் மலிவுதான், ஆனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பிள்ளையோடு இறங்கி ஏற வேண்டும். மகன் நித்திரை. கடைசித் தடவைப் பாலை மருத்துவமனை வாசலில் கொடுப்பதாக அக்கா நினைத்திருந்தாள்.

"தானா எழும்பட்டும். அவன்ர பசிக்குத்தான் குடுக்கவேணும், என்ர ஆசைக்கில்லை" என்றாள்.

பம்பலப்பிட்டி தாண்டியதும் என் எலிகளைப் பற்றிக் கேட்டாள். பாற்சுரப்பி பிறக்கும்போதே முடிந்த உறுப்பல்ல என்று சொன்னேன். அதைக் கட்டும் முன்னோடிக் கலங்கள், அதாவது செல்கள், பருவமடையும் வரை, பிறகு கர்ப்பமாகும் வரை காத்திருக்கும். ஓமோன் என்ற சுரப்பு வந்தாலும் அவற்றில் பல தாமாகப் பெருகா. அதை உணர்ந்த பக்கத்துக் கலங்கள் சொன்னால்தான் பெருகும், போதும் என்றால் நிற்கும். பால் மறந்ததும் பால் சுரந்த கலங்கள் பெரும்பாலும் அழியும், முன்னோடிகள் அடுத்த பிள்ளைக்காக மிஞ்சியிருக்கும்.

"அப்ப எனக்குள்ள மட்டும் ஏன் அதுகள் சொல்வழி கேக்கேல்லை?"

 

கோட்டைப் பகுதிக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். அக்காவின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. கொழும்பில் தங்கப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டைக் காட்டியும் ஒரு மணித்தியாலம் ஓரமாக நிற்க வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று சாரதி சிங்களத்தில் எங்களுக்காகக் கெஞ்சினார், நல்ல மனுசன். மகன் அங்கேதான் விழித்து வீறிட்டான். துவக்கோடு நின்றவர்கள் முன்னால் சட்டையைத் திறக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அழுது களைத்து அவன் மறுபடி தூங்கிப் போனான்.

மருத்துவமனையில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பால் கொடுக்க அக்கா ஐந்து நிமிடம் கேட்டாள். தாதி பத்து நிமிடம் தந்தார். அக்கா அவன் கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைச் சுரண்டினாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள்.

அரை மணியில் பசியோடு எழும்பியவனுக்கு நான் போத்தல் பால் கொடுத்தேன். அக்காவுக்கு அதன் பிறகும் நாலைந்து நாள் பால் சுரந்தது. பிழிந்து ஊற்றினோம்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு: பதிவுத் துண்டையும் டாக்டரின் கடிதத்தையும் கையிலேயே வைத்திருங்கள். சிங்களம் கதைக்கக்கூடிய சாரதியாகப் பாருங்கள். இரண்டு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். கைக்குழந்தை இருந்தால், நித்திரை என்றாலும் எழுப்பி, லொட்ஜிலேயே பால் கொடுத்துவிடுங்கள்.