மச்சாளின் ஊர்க் காணி

என் தம்பி கத்தாரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த காலத்தில் ஜாவாக்காரி ஒருத்தியைக் கலியாணம் முடித்தான். ஞாயிறு பூசையில் சந்தித்ததாகச் சொன்னான். நாங்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். இந்தோனேசியாவில் ஏது கத்தோலிக்கர் என்று நான் அப்போதே கேட்டேன்.

"இருக்கினம் அக்கா. மலைப்பக்கத்துக் கிராமங்களில இருக்கினம்" என்றான்.

நான் நம்பவில்லை. வெள்ளவத்தையில் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்வதுதான் என் தொழில். காணி விற்க வருகிறவர் சொல்வது எல்லாவற்றையும் முதலில் பொய் என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி என்னை விடாது.

தம்பி வேலையை விட்டு வந்தபோது மச்சாளையும் கூட்டி வந்தான். கொட்டாஞ்சேனையில் அம்மாவும் அப்பாவும் இருந்து செத்த வீட்டில் இருவரும் குடியேறினார்கள். அவள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்தாரிடம் தமிழ் படித்தாள், மீன்காரனிடம் சிங்களம் படித்தாள். "மல்லி, மேக்க கீயத?" என்று தம்பி முறை வைத்து அவள் விலை கேட்கும்போது பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். கோயிலில் சிலுவை போடுவது சரியாகத்தான் இருந்தது. நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தபடி அதைக் கவனித்திருக்கிறேன்.

சென்ற வருடம் அவளுடைய அப்பா இறந்தார். அண்ணன், அவள், தங்கை என்று மூன்று பிள்ளைகள். சொத்துப் பிரிக்க வரச்சொல்லி ஊரிலிருந்து செய்தி வந்தது. தம்பி அப்போது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தான்.

"நீ கூடப் போறியா அக்கா?" என்று கேட்டான்.

"அவளின்ர ஊருக்கு அவளுக்கு வழி தெரியாதா?"

மச்சாள் இருந்த குசினிப் பக்கம் அவன் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தெரியும். ஆனா தனிய விட ஒரு மாதிரிக் கிடக்கு."

அவனுக்குள்ளும் சந்தேகம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். நான் லீவு எடுத்தேன்.

கோலாலம்பூரில் விமானம் மாறவேண்டும். அங்கே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தபோது மச்சாள் தன் பையின் பட்டியை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, ஊரில நீங்க அவரின்ர அக்கா எண்டு சொல்ல வேண்டாம். கத்தாரில என்னோட வேலை செய்த ஆள் எண்டு சொல்லுவம்."

"ஏன்?"

"நான் கலியாணம் செய்தது அங்க தெரியாது."

"கோயிலில செய்தது தானே?"

"கத்தார் கோயில். எங்கட ஊர்ப் பதிவில இல்லை. என்ர அடையாள அட்டையில கலியாணம் ஆகாத ஆள் எண்டுதான் இருக்கு." பிறகு, "காணிப் பிரச்சினை அக்கா, பிறகு வடிவாச் சொல்லுறன்" என்றாள்.

காணி என்ற சொல் எனக்குச் சாட்டுப் போலத்தான் கேட்டது. அங்கே அவளுக்கு இன்னொரு புருசன் இருக்கிறான் என்று அந்த வாங்கிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

யோக்யாகர்த்தாவிலிருந்து மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அந்த ஊர் இருந்தது. ஒரு சின்னக் கோயில் உண்மையாகவே இருந்தது, தகரக் கூரை போட்டு. நான் முதலில் கவனித்தது வேலி இல்லாததை. எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு வேலிக் கதியாலுக்காகக் கோட்டுக்குப் போய் வழக்காடியவர்கள். இங்கே ஒரு வீட்டின் வளவு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மூலைக்கு மூலை குரோட்டன் செடி ஒன்று நின்றது. அதுதான் எல்லை என்றாள் மச்சாள்.

"ஆராவது பிடுங்கித் தள்ளி நட்டா?"

"ஏன் நடவேணும்?" என்று திருப்பிக் கேட்டாள்.

அவர்கள் வீடு பழைய தேக்கு வீடு. நடுவில் தடித்த தூண்கள், மேலே ஓடு, சுவரும் பலகைதான். பின்னால் மரவள்ளி, வாழை, பலா, ஒரு மாட்டுக் கொட்டில். அண்ணன் அடுத்த வளவில் இருந்தார். ஒடிசலான மனிதர், அதிகம் பேசமாட்டார். தங்கை கலியாணம் முடித்து அந்த வீட்டிலேயே இருந்து அப்பாவைக் கடைசிவரை பார்த்தவள். எனக்கு இனிப்புத் தேநீர் மேல் தேநீராகத் தந்தார்கள்.

அவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்பதற்கு மச்சாள்தான் எனக்கு வழி. அண்ணன் நீளமாக ஏதோ சொல்வார், தங்கை பதில் சொல்வாள், குரல் ஏறும், இறங்கும். நான் என்னவென்று கேட்டால், "மழை பிந்திப் போச்சு எண்டு சொல்லுறார்" என்பாள் மச்சாள். இவ்வளவு நேரமும் மழையைப் பற்றியா? கைத்தொலைபேசியில் மொழிபெயர்க்கும் செயலியை இயக்கி மடியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். அது இந்தோனேசிய மொழிக்கானது, அவர்கள் வீட்டில் கதைத்தது ஜாவா மொழி. ஆட்டின் தலைமயிர், போலீஸ், நாளைய சவர்க்காரம் என்று ஏதேதோ வந்தது. அணைத்து வைத்தேன்.

காலையில் ஒரு ஆள் வருவான். தலையில் புல்லுக்கட்டு, இடுப்பில் அரிவாள். முன்வாசலுக்கு வராமல் நேரே குசினிப் பக்கம் போவான். மச்சாள் அவனுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்து கதைப்பாள். சிரிப்பாள். கொட்டாஞ்சேனையில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மூன்றாம் நாளும் வந்தான். அன்று அண்ணனும் அங்கே கொட்டில் வாசலில் நின்று கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்காது என்ற தைரியத்தில் நான் தமிழில் நேரே கேட்டேன்.

"அந்த ஆள் ஆர் உனக்கு?"

"மாடு பாக்கிறவர்."

"உங்கட மாட்டை அவன் ஏன் பாக்கவேணும்?"

"அது என்ர மாடு அக்கா. கத்தாரால வந்த முதல் லீவில வாங்கினது. அவர் வளக்கிறார். அது போடுற முதல் கண்டு அவருக்கு, அடுத்தது எனக்கு. இஞ்ச அப்பிடித்தான்."

"உன்ர மாடு எண்டதுக்கு என்ன எழுத்து இருக்கு?"

"அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"அப்ப கலியாணத்தை ஏன் மறைக்கிறாய்?"

அவள் கொட்டிலைக் கூட்டிக்கொண்டே சொன்னாள். வெளிநாட்டு ஆளை முடித்தவள் பேரில் காணி எழுதினால் அரசாங்கம் அதை விற்கச் சொல்லும் என்று ஊரில் ஒரு பயம். கலியாணத்துக்கு முதலே சொத்து வேறு வேறு என்று ஒப்பந்தம் எழுதியிருந்தால் பரவாயில்லையாம், இவளும் தம்பியும் அப்படி ஒன்றும் எழுதவில்லை. தெரிந்தால் அண்ணன் வயலில் ஒரு துண்டும் தரமாட்டார். அதனால்தான்.

பதில் பொருந்தித்தான் வந்தது. எங்கள் அலுவலகத்தில் பொருந்தி வருகிற பதிலைத்தான் நாங்கள் இரண்டாம் தரமும் பார்ப்போம். "உன்ர அண்ணனைப் பாத்தா விட்டுக்குடுக்கிற ஆள் மாதிரித் தெரியேல்லை" என்றேன். அண்ணன் தலை நிமிராமல் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் அவர் என்னை வயல் காட்டக் கூப்பிட்டார். கையால் சைகை காட்டித்தான். மச்சாள் தங்கையோடு சந்தைக்குப் போயிருந்தாள். எங்கள் வன்னி வயல்களைப் பார்த்தவளுக்கு அவை வயல் என்று சொல்லவே வராது. படிப்படியாக இறங்கும் பாத்திகள், ஒரு பாய் விரிக்கிற அளவில் கூடச் சில. மேல் பாத்தியின் வரம்பில் ஒரு வெட்டு, அதால் தண்ணீர் கீழ்ப் பாத்திக்கு இறங்கும். அவர் காலால் கொஞ்சம் சேற்றைத் தள்ளி ஒரு வெட்டை அடைத்தார், இன்னொன்றைத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க மாப்பிள்ளையோட அக்கா தானே?" என்றார். தமிழில்.

எனக்குக் கால் வழுக்கி வரம்பிலிருந்து இறங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்து ஏற்றினார்.

"மலேசியாவில தோட்டத்துல வேலை செஞ்சேன். தமிழ்க் கூட்டாளிங்க நெறைய" என்றார்.

வந்த நாளிலிருந்து அவருக்கு முன்னால் நாங்கள் கதைத்தது எல்லாம் எனக்குள் திரும்ப ஓடியது. இந்த வீடு யாருக்கு வரும் என்று கேட்டது, வயல் எவ்வளவு பெறும் என்று கேட்டது, அவரைப் பற்றிக் காலையில் சொன்னது.

"உங்கட தங்கச்சிக்குத் தெரியுமா, உங்களுக்குத் தமிழ் விளங்குமெண்டு?"

"நான் போனது தெரியும். பேசுவேன்னு தெரியாது. அவ கேக்கல." சேற்றுக் காலை ஓடும் தண்ணீரில் கழுவினார். "நீங்க நெலம் பாக்க வந்தீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஆளைப் பாக்க வந்தனான். அவளுக்கு இஞ்ச வேற புருசன் இருக்கோ எண்டு."

அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்து, அது நியாயமான கேள்விதான் என்பது போலத் தலையாட்டினார். பிறகு தன் திட்டத்தைச் சொன்னார். வயல் அவருக்கு. வளவு தங்கைக்கு, அப்பாவைப் பார்த்தவள் என்பதால். மச்சாளுக்கு வீடு.

"வளவு தங்கச்சிக்கு எண்டா வீடு எப்படி இவளுக்கு?"

"வீடு மரம். கழட்டலாம், எங்கயும் வைக்கலாம். மரத்துக்குக் கவுர்மெண்டுல பேர் எழுதத் தேவையில்ல." வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். "அவகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. எல்லாரும் இருக்கிற எடத்துல அவ பொய் சொன்னான்னு ஆகக்கூடாது."

நான் ஓம் என்றேன். ஏன் சம்மதித்தேன் என்று இன்றும் யோசிக்கிறேன். தங்கையின் மானத்தைக் காப்பாற்றுகிற அண்ணனா, என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு வயலை எடுத்துக்கொண்ட அண்ணனா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாகவும் இருக்கலாம்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோரும் பாயில் வட்டமாக இருந்தார்கள். ஊர்த் தலைவரும் வந்திருந்தார், பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவரும் சாட்சிக்கு இருந்தார். கூம்பாகக் குவித்த சோறு, கோழி, சோயாவில் செய்து பொரித்த தெம்பே. செபம் சொல்லிவிட்டு அண்ணன் பேசினார். தனக்கு வீடு என்று கேட்டதும் மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வயலில் ஒரு பாத்தியை எதிர்பார்த்திருந்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். அவள் சம்மதித்தாள். யாரும் கையெழுத்து வைக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள், அதுதான் முடிவு.

தங்கை புதுக் கல்வீடு கட்டப் போகிறாளாம், அதற்கு இடம் வேண்டும். அடுத்த நாளே ஊர் ஆம்பிளைகள் வந்தார்கள். ஓடுகள் கைக்குக் கை இறங்கின. ஆணி இல்லை, மரமுளைகளைத் தட்டித் தட்டி எடுத்தார்கள். ஒவ்வொரு தூணிலும் யாரோ சோக்கட்டியால் அடையாளம் போட்டார்கள். பெண்கள் பின்னால் பெரிய சட்டியில் சமைத்தார்கள். நானும் வெங்காயம் உரித்தேன். மத்தியானத்துக்குள் வீடு இருந்த இடத்தில் வெறும் தரை, அதில் கட்டில் நின்ற இடங்கள் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தன. மச்சாள் அதன் நடுவில் போய் நின்றாள். புல்லுக்காரன் ஏதோ பகிடி சொன்னான், அவள் சிரிக்கவில்லை. அந்த வீட்டை வளவின் பின்மூலையில், பலாமரத்துக்கு அப்பால், திரும்ப எழுப்பினார்கள். வீடு அவளுடையது. நிலம் தங்கையுடையது.

திரும்பும் விமானத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பில் இறங்கிய பிறகும் ஒளித்துக்கொண்டு திரிய என்னால் முடியாது. அவள் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப வயலை அவர் எடுக்கிறதுக்கு நீங்க உதவி" என்றாள் கடைசியில்.

"நான் வாய் திறந்திருந்தா உனக்குத்தான் வெக்கம்."

"வெக்கம் என்ர. வயலும் என்ர." பிறகு என்னை நேரே பார்த்தாள். "அக்கா, கொட்டாஞ்சேனை வீடு ஆரின்ர பேரில?"

எங்கள் குடும்பத்தில் யாரும் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. அது அம்மாவும் அப்பாவும் எனக்குச் சீதனமாக எழுதிய வீடு. தம்பி இருக்கிறான் என்பதால் நான் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, அவனும் கதைப்பதில்லை.

"என்ர பேரில" என்றேன்.

"நினைச்சன்" என்றாள்.

அதன் பிறகு நான் கொட்டாஞ்சேனைக்குப் போகும்போதெல்லாம் அவள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள். நான் சுவரில் ஈரம் பிடித்த இடத்தைப் பார்த்தால், ஏன் பார்க்கிறேன் என்று பார்ப்பாள். ஒருநாள் பழைய மின்சார வயரைப் பார்க்க ஆளைக் கூட்டிப்போனேன். வீடு விற்கப் போறியளோ என்று நேரே கேட்டாள். தம்பி சிரித்து மழுப்பினான். அவள் ஊரில் நான் எப்படித் திரிந்தேனோ, அப்படி அவள் என் வீட்டில் திரிந்தாள். எனக்கு அது சுட்டது.

நொத்தாரிசிடம் கதைத்து, தம்பிக்கும் அவளுக்கும் அந்த வீட்டில் சீவிய உருத்து எழுதினேன். உயிரோடு இருக்கும்வரை அவர்களை யாரும், நான் கூட, எழுப்ப முடியாது. தம்பி வேண்டாம் என்றான். "எழுதினா ஏதோ நடக்கப்போகுது எண்டு நினைப்பாள்" என்றான். சரியாக அப்படித்தான் நினைத்தாள்.

கையெழுத்து வைக்க நொத்தாரிசு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்த அன்று, தமிழ் எழுத்துத் தெரியாத அவளுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒழுங்கையில் இருக்கும் இளைப்பாறிய முஸ்லிம் ஆசிரியை ஒருவரைக் கூட்டி வந்தாள். அந்த ரீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, நான் தட்டச்சு செய்த உறுதியை ஒவ்வொரு வரியாக வாசித்தார். நொத்தாரிசும் சாட்சிகளும் மின்விசிறிக்குக் கீழே காத்திருந்தார்கள். என்னை இருக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை, நான் வாசலில் நின்றேன்.

"எங்களை ஆரும் எழுப்ப ஏலாது எண்ட இடத்தைத் திரும்ப வாசியுங்கோ ரீச்சர்" என்றாள் மச்சாள்.

அவர் திரும்ப வாசித்தார்.

"இதில அக்கா பிறகு மாத்த ஏலுமா?"

"ஏலாது மகள். நீங்க ரெண்டு பேரும் ஓம் எண்டாத்தான் மாத்தலாம்."

மச்சாள் பேனையை எடுத்து, தாளின் அடியில் தன் பெயரை மெதுவாக எழுதினாள். எழுதி முடித்ததும் எல்லோருக்கும் தேநீர் வைக்கக் குசினிக்குப் போனாள். போகும் வழியில் வாசலில் நின்ற எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.