மூன்றாம் சரணத்தில் ட்ரம்பெட்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஜூனில் அம்மாவுக்குப் புதுச்சேரியில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, மேல் சுரங்கள் திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர்.
2. நவம்பரில் அம்மா கோயில் பாடகர் குழுவுக்குத் திரும்பினாள். கிறிஸ்துமஸ் பாட்டின் உச்சச் சுரம் எட்டவில்லை.
3. யாரிடமும் சொல்லாமல் நான் கீபோர்டின் சுருதியை இரண்டு அரைச்சுரம் இறக்கினேன்.
4. எட்டியது.
5. ட்ரம்பெட் வாசிப்பவர்களிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் கோயிலின் பாடகர் மாடத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து ஆர்கன் ஒன்று இருக்கிறது. துருத்தி கிழிந்து, நான் பிறப்பதற்கு முன்பே ஊமையாகிவிட்டது. அதன் மூடிமேல்தான் கீபோர்டை வைத்திருந்தோம். அதனால் கீபோர்டுக்கும் ஆர்கன் என்றே பெயர். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த நான்தான் அதை வாசித்தேன், ஒயர் அறுந்தால் பற்றவைத்தேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து பேண்டு செட்காரர்கள் மூன்று பேர் வருவார்கள்: இரண்டு ட்ரம்பெட், ஒரு யூஃபோனியம். மற்ற நாட்களில் கல்யாணத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் வாசிப்பவர்கள். நோட்டுப் பார்த்து வாசிக்கும் பழக்கம் இல்லை. விரல் ஒரு பாட்டை எந்தச் சுருதியில் கற்றதோ, வருடா வருடம் அதே சுருதியில்தான் எடுப்பார்கள்.

அந்தப் பாட்டு காலைப் பூசையின் நன்றிப்பாட்டு. முதல் இரண்டு சரணங்களில் குரல்களும் ஆர்கனும் மட்டும். மூன்றாவதில் ட்ரம்பெட்டுகள் நுழையும். அவற்றுக்கும் மேலே ஒற்றைப் பெண்குரல் ஏறி, உச்சியில் நான்கு தாள அடி நேரம் நிற்க வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து அம்மாவைத் தவிர வேறு யாரும் அதைப் பாடியதில்லை.

முதல் ஒத்திகையில் அந்த இடத்தில் அவள் குரல் பிளந்து இருமலாகிவிட்டது. குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். "இந்த வருஷம் மத்தவங்களோட சேந்து பாடுங்கம்மா. அந்த இடத்த ட்ரம்பெட்டே பாத்துக்கும்" என்றார்.

"ரெண்டு வாரம் குடுங்க மாஸ்டர்" என்றாள் அம்மா.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடும்போதெல்லாம் கொல்லைப்புறம் போய்ப் பாடிப் பார்த்தாள். மோட்டார் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்தாள்.

அடுத்த ஒத்திகைக்கு முன்பே போய்ச் சுருதியை இறக்கினேன். திரையில் −2 என்று தெரிந்தது. பழைய கிறிஸ்துமஸ் கார்டில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினேன்.

அடிக்குரலில் பாடும் அரிசிக் கடைக்காரருக்கு மட்டும் உறுத்தியது. "என்னங்க மாஸ்டர், பாட்டு கெணத்துக்குள்ள எறங்கிருச்சு? எனக்கே கீழ எட்டல."

"உங்களுக்குச் சளி. சுக்குத் தண்ணி குடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. உச்சச் சுரத்தில் நான்கு அடியும் நின்றுவிட்டு, ஆர்கனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று பிரான்சில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டாள். "வந்துருச்சுடி. முழுசா வந்துருச்சு. டாக்டருக்கு என்ன தெரியும்?"

நான் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் செய்பவள். அந்த டிசம்பர்ப் பட்டியலில் 'பேண்டுகாரரிடம் சொல்ல' என்று எழுதியிருந்தேன். கடைசி ஒத்திகையில் பெரிய ட்ரம்பெட்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வதாகத் திட்டம். நெடுங்காட்டில் ஒரு சாவு விழுந்து, அவர்கள் ஒத்திகைக்கு வரவில்லை. போன் செய்தேன். பின்னால் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. "ஒண்ணுமே கேக்கல தங்கச்சி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். நான் மறுபடி கூப்பிடவில்லை. சுருதியை இறக்கினேன் என்றால் ஏன் என்று கேட்பார். அதைச் சொல்ல வேண்டியதில்லை என்பதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கிறிஸ்துமஸ் காலை, பிரசங்கம் நடக்கும்போது மூவரும் மாடப்படி ஏறி வந்தார்கள். நான் எழுவதற்குள் அம்மா அவர்களிடம் போய்விட்டாள்.

"அண்ணே, கொரல் வந்துருச்சு. எனக்காகப் பயந்து மெதுவா ஊதாதீங்க, நல்லா இழுத்து வாசிங்க" என்று பெரியவரிடம் கிசுகிசுத்தாள்.

"நீங்க பாடுனாத்தானம்மா எங்களுக்குத் தெம்பு."

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தேன். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அம்மாவுக்கும் கேட்கும். சொல்லவில்லை.

மூன்றாம் சரணத்தில் ட்ரம்பெட்டுகள் தங்கள் வழக்கமான இடத்தில், எங்களைவிட ஒரு முழுச் சுரம் மேலே நுழைந்தன. இரண்டு பாட்டுகள் ஒன்றோடொன்று மோதுவதுபோல் இருந்தது. அரிசிக் கடைக்காரர் நிறுத்திவிட்டார். மாஸ்டரின் கை காற்றில் நின்றது. பித்தளையை இறக்க என்னால் முடியாது. ஆர்கனை ஏற்ற முடியும். சுருதிப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். ஆர்கன் ட்ரம்பெட்டுகளோடு சேர்ந்தது, குரல்களும் தடுமாறி வந்து சேர்ந்தன. பாட்டு பிழைத்தது. அம்மாவும் அதோடு ஏறினாள். உச்சியில் அவள் வாய் திறந்திருந்தது. காற்று மட்டும் வந்தது. நான்கு அடியும் வாயை மூடாமல் நின்றாள். ட்ரம்பெட் முழக்கத்தில் கீழே இருந்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

"சாவுக்கு ஊதிட்டு அசதியில வந்து தப்பா எடுத்துட்டானுங்க. அடுத்த வருஷம் வேற செட்டுதான்" என்றார் மாஸ்டர்.

கருவியைத் துணியில் சுற்றும்போது பெரிய ட்ரம்பெட்காரர் என்னிடம் மட்டும் சொன்னார்: "எறக்கி வச்சிருந்தியா தங்கச்சி? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறக்கியே வாசிச்சிருப்போம், அது எங்க விரலுக்கு இன்னும் சுலபம்."

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா பேசினாள். "பாவம், அவங்களத் திட்டுறாரு. அவங்க சரியாத்தான் வாசிச்சாங்க. பாட்டு எப்பவும் இருக்குற எடத்துலதான் இருந்துச்சு. எனக்குத்தான் எட்டல."

நான் தலையாட்டினேன்.

அதன் பின் இரண்டு கிறிஸ்துமஸ் போயிருக்கிறது. அம்மா பூசைக்கு வருகிறாள், கீழே பெண்கள் பக்கம் உட்காருகிறாள், பாடுவதில்லை. அந்த மூவரையும் மறுபடி கூப்பிடவில்லை, வேறு செட்டும் அமையவில்லை. கீபோர்டில் ட்ரம்பெட் ஓசை வைத்து அந்தச் சரணத்தை நானே வாசிக்கிறேன். சுருதி பூஜ்யத்தில் இருக்கிறது. அம்மாவிடமும் மாஸ்டரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.