தங்கை நிறுத்திய இயந்திரம்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் எங்களுக்கு இரும்புக் கடை. என் தங்கை இன்ஜினியர். சென்னையில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் இடத்தில் வேலை. பெருநாளுக்கு அவள் வந்திருந்தபோது, சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததுமே அத்தா, அதாவது எங்கள் அப்பா, ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா, உங்க ரயிலு செலவு வருசா வருசம் ஜாஸ்தி ஆய்க்கினே போவுதாமே? எல்லாம் ஜனங்க வரிப்பணம்தானே?"

"கம்பி, சிமெண்டு வெல ஏறுனது உங்களுக்கே தெரியும் அத்தா. மீதிய நேர்ல வந்து பாருங்க."

அடுத்த மாதம் அத்தாவும் நானும் போனோம். தலைக்கு ஹெல்மெட் மாட்டி, பாதி கட்டிய ஸ்டேஷனுக்குள் எங்களை இறக்கினாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை அப்படியே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய பள்ளம். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை அத்தா தடவித் தடவிப் பார்த்தார். எத்தனையோ வீடுகளுக்குக் கம்பி கொடுத்தவர், விரலால் கனத்தை அளந்தார்.

சுரங்கத்தின் வாயில் நின்று தங்கை சொன்னாள். போன வருடம் ஒரு பழைய தெருவுக்கு அடியில் தோண்டும்போது, மேலே வீட்டுச் சுவர்களில் பொருத்திய கருவிகள் தரை இறங்குவதைக் காட்டின. எந்த வரைபடத்திலும் இல்லாத, எப்போதோ மூடிய கிணறு கீழே இருந்தது. இவள் உடனே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"மேலதிகாரிங்க திட்டலியா?" என்றேன்.

"திட்டாம? மெஷின் சும்மா நின்னாலும் வாடக ஓடுது, ஆளுங்களுக்கு சம்பளம் ஓடுது. ஆனா வூடு இடிஞ்சா இன்னாண்ணே பண்றது?"

அந்தத் தெருக்காரர்களை லாட்ஜில் தங்கவைத்து, மண்ணுக்குள் சிமெண்ட் கரைசலை ஏற்றி இறுக வைத்திருக்கிறார்கள். இயந்திரம் மறுபடி நகர மாதக்கணக்கில் ஆனதாம்.

அத்தா அந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்றார். போனோம். ஓட்டு வீட்டு வாசலில் ஒரு தையல்காரர் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார்.

"அடியில தோண்டுனப்ப பயமா இல்லீங்களா?" என்று அத்தா கேட்டார்.

"பயந்தோம் பாய். இந்தப் பொண்ணு தெனம் வந்து செவுத்தப் பாத்துட்டுப் போவும். அப்புறம் நாங்க பயப்படல. லாட்ஜ்லேர்ந்து திரும்பி வந்தா, ஒரு ஓடுகூட நகரல."

அத்தா சுவரில் கை வைத்துப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில், "செலவு ஜாஸ்திதான்டா" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "கம்மியாக்கறேன்னு அவ அந்த மெஷின ஓட்டிருந்தா, நான் அவகிட்ட பேசியே இருக்க மாட்டேன்" என்றார்.