இல்வாவுக்கு அளவெடுத்த வேலை

தன் வேலைக்குத் தானே விளம்பரம் எழுதுவதில் இல்வாவை அடித்துக்கொள்ள வட ஸ்வீடனில் ஆள் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒப்பந்த ஆராய்ச்சி வேலைதான். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே ஊரறிய விளம்பரம் செய்து, வெளிநாட்டு நிபுணர் ஒருவர் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க வேண்டும். விதி அப்படி. இந்த முறை கிடைத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"உனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி எழுதிடு. வேற எவனுக்கும் தோள்ல ஏறக் கூடாது," என்றார் பேராசிரியர் ஹோகன்.

அவளும் தைத்தாள். பனி உருகி ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடும் ஒரு மென்பொருளில் ஆழ்ந்த தேர்ச்சி கட்டாயம் என்று போட்டாள். மென்பொருளை எழுதியதே அவள்தான். ஆனால் அதிலும் தன் பெயரைப் போடாமல் 'ஆய்வுக் குழு' என்றுதான் போட்டிருந்தாள்.

விண்ணப்பத்தில் "நான் எழுதினேன்" என்று தட்டியதுமே காது சூடானது. அந்த ஊர்ப் பக்கம் தன்னைத் தானே மெச்சிக்கொள்வதும் சபையில் ஏப்பம் விடுவதும் ஒன்று. அழித்துவிட்டு, "அந்த மென்பொருளோடு ஓரளவு பழக்கம் உண்டு" என்று எழுதி அனுப்பினாள். 'ஓரளவு' என்றால் கரைத்துக் குடித்தவள் என்று அங்கே யாருக்குத்தான் புரியாது!

நிபுணர் வியன்னாக்காரர். 'ஓரளவு' என்றால் ஓரளவு என்றே எடுத்துக்கொண்டார். இல்வாவுக்கு இரண்டாம் இடம். "இதில் என்னை மிஞ்ச ஆளில்லை" என்று எழுதியிருந்த டச்சுக்காரன் யோரிஸுக்கு முதலிடமும் வேலையும்.

"அடிப்பாவி! நீதான் எழுதினன்னு ஒரு வரி போட்டிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்ப?" என்று குதித்தார் ஹோகன்.

"அதை எப்படி ஹோகன் நானே சொல்றது? நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா அது சிபாரிசு ஆயிடும்." கொஞ்சம் யோசித்தார். "நீ சொன்னதும் சரிதான். நாமளே நம்மளப் பத்தி எப்படிச் சொல்றது?"

இல்வாவின் கடைசி நாள் காப்பி வேளையில், வழியனுப்ப வாங்கிய பச்சை நிறக் கேக்கை அவளே வெட்டினாள். யோரிஸும் வந்திருந்தான். "இந்த மென்பொருள யாரு எழுதினது? உள்ள ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். ஆளைக் காட்டினா கேட்டுக்கலாம்," என்றான்.

எல்லாரும் குனிந்து கேக்கைப் பார்த்தார்கள். இல்வா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான்தான். முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் நானே எழுதினது. இதுல என்னை மிஞ்ச ஒருத்தரும் இல்ல."

ஹோகன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். யாரோ எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்வரை பொறுத்திருந்து, அலுவலகத்துப் பிரிட்டா பெருமூச்சு விட்டாள்.

"எவ்வளவு நல்ல பொண்ணு! போற நேரத்துல இப்படித் தலைக்கனம் ஏறிடுச்சே!"