தாத்தாவுக்கு நான் வாசிக்காத வரிகள்

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் தாத்தா வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு படித்தேன். தச்சு வேலை பார்த்த தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. வரும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

ஒருநாள் திருப்பத்தூரிலிருந்து, தாயில்லாத என் அத்தையின் கடிதம் வந்தது. தெருவில் பாண்டி ஆடத் தோழிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வாசித்ததுமே, "அவ்வளவுதான் தாத்தா, எல்லாரும் சௌக்கியமாம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

பத்து நாளில் அத்தையின் கணவர் வந்து நின்றார்.

"மாசம் நெருங்கிருச்சு, காலெல்லாம் வீங்கிக் கெடக்கு, பயமா இருக்கு, வாங்கன்னு எழுதுனாளே மாமா! இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கா."

தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

நல்லவேளையாக, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாயும் பிள்ளையும் பிழைத்திருந்தார்கள். வெளுத்துப்போய்ப் படுத்திருந்த அத்தை, "வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்ப்பா. ஏன் வராம இருந்துட்டீக?" என்று அழுதார்.

"கண்டனூருல கதவு வேலை ஆத்தா. விட்டுட்டு வர முடியல" என்றார் தாத்தா.

அவர் கையைப் பிடித்தபடி நின்ற நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் பல வருடம் அத்தை அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. தாத்தா இறந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

"அவுக இருக்கும்போது சொல்லியிருக்கலாமேடி" என்றார் அத்தை.

இப்போதெல்லாம் என் தவறுக்கு வேறு யாராவது பேச்சு வாங்கினால், அந்த இடத்திலேயே "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிடுகிறேன். தாத்தாவுக்காக மட்டும் அப்படிச் சொல்ல முடியாமல் போய்விட்டது.