மனோகர் அண்ணன் குறுக்கே நிற்கவில்லை

செய்தி வந்தபோது கடையில் பெயின்ட் கலந்துகொண்டிருந்தேன். போனில் பேசியது நம் கூட்டத்துச் சேகர். "மனோகர் அண்ணன் பூட்டாரு நைனா. மண்ல மாட்டுன ஜீப்பை இழுக்கசொல்ல கயிறு அறுந்து கொக்கி மார்ல அட்ச்சிட்ச்சி. அவுருதான் குறுக்க நின்னுகினாரு." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கயிறு விறைத்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவன் யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்துத் தள்ளுகிற மனிதர். அவர் போய்க் குறுக்கே நின்றாராம்.

கொருக்குப்பேட்டையில் டிரெய்லர் லாரி வைத்திருந்தவர் மனோகர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய ஜீப்புகளை எடுத்துக்கொண்டு ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போகும் நம் கூட்டத்தில், சாமான் ஏற்றுவது அவர் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல, அவரே எடுத்துக்கொண்டது. புறப்படுமுன் டோல்கேட்டில் ஓரமாகத் தார்பாய் விரித்து, ஒவ்வொரு வண்டியிலும் ஏற்றியதை எல்லாம் கீழே இறக்கச் சொல்வார். நாம் முணுமுணுத்துக்கொண்டே இறக்குவோம். ஒருமுறை சேகரின் வண்டியில் ஸ்பீக்கர் இருந்தது, பிரியாணி தேக்சா இருந்தது, மண்வெட்டி இல்லை. "பாட்டு போட்டா வண்டி மண்ல இருந்து எயுந்து வருமாடா?" என்று கேட்டார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மண்வெட்டி வரும்வரை ஒரு வண்டியும் நகரவில்லை.

பேங்கில் வேலை செய்யும் தினேஷ், முதலுதவிப் பெட்டியைக் கூடாரத்துக்கு அடியில் வைத்து அழகாகக் கட்டியிருந்தான். "ரத்தம் ஊத்தசொல்ல கூடாரத்தை அவுத்துகினு இருப்பியா? மொதல்ல தேவைப்படறத கடைசியா ஏத்து" என்றார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

அந்தக் கயிற்றின் கதையும் எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறோம். கப்பலில் கழித்துப் போட்ட கயிறு, கை பருமன். சேகர் அதில் இரும்புக் கொக்கி மாட்டி எடுத்து வந்தான். "கப்பலையே கட்டி வெச்ச கயிறுண்ணே, ஜீப்பு இன்னா அதைவிட வெயிட்டா?" என்றான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்த நமக்கு மட்டுமே வருகிற திமிர் அது. அண்ணன் அதை விரலால் பிரித்துக் காட்டினார். உள்ளே பொடியாக உதிர்ந்தது. "கப்பல்காரனே வாணாம்னு போட்டதுடா. வெயிலும் உப்பும் தின்னுட்ட சக்கை" என்று சொல்லிக் குப்பையில் எறிந்தார். அவர் போன பிறகு சேகர் அதைப் பொறுக்கி மறுபடி சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை தினேஷ்தான் என் கடைக்கு வந்து அழுதுகொண்டே சொன்னான். எண்ணூருக்கு வடக்கே இருக்கும் மணல், பக்கத்தில்தானே என்று வழியில் அண்ணனுக்குத் தெரியாமல் அவருடைய பையை டீக்கடையில் இறக்கி வைத்துவிட்டு அந்த இடத்தில் ஐஸ் பெட்டியை ஏற்றினான் சேகர். மாட்டிய வண்டியை இழுக்கிற பட்டை அந்தப் பைக்குள் இருந்தது. ஜீப் புதைந்ததும் கப்பல் கயிறு வெளியே வந்தது. கூடவே கூடாது என்று சொல்லிவிட்டு அண்ணன் டிராக்டர் கேட்க ஊருக்குள் நடந்தார். அதற்குள் அவசரம். இன்னொரு ஜீப்பில் கட்டி இழுத்தார்கள். கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்று தினேஷ் செல்போனில் வீடியோ எடுத்தான். திரும்பிப் பார்த்த அண்ணன் ஓடி வந்து அவனைப் பிடித்துத் தள்ளினார். அவன் மணலில் விழுந்தான். கயிறு அறுந்தது.

இதைத்தான் குறுக்கே நின்றார் என்று பூசி மெழுகினார்கள். விதி என்றார்கள். டோல்கேட்டில் அவர் படம் போட்டு பேனரும் வைத்தார்கள். செத்தவர் தலையில் பழியைக் கட்ட நாக்கு கூசவில்லையா?

நேற்று தினேஷைக் கூட்டிக்கொண்டு கலா அண்ணியைப் பார்க்கப் போனேன். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி என்னிடம் சொன்னார்: "எம் புள்ள கேக்கறான், அப்பாக்கு வண்டி வேலை தெரியாதான்னு. ஊரே அப்டித்தான் பேசிகினு கீது. என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது? அல்லாரு முன்னாடியும் சொல்லு."

அதனால் சொல்கிறேன். மனோகர் அண்ணன் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நின்றவனைக் காப்பாற்றினார்.

வருகிற ஞாயிறு அவர் நினைவாக அதே மணலுக்கு வண்டிகள் போகின்றன என்று கேள்விப்பட்டேன். நானும் வருகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். தார்பாயை விரித்து, ஒவ்வொரு வண்டியாக ஏறி, எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்பேன். கத்துவேன். அது பிடிக்காதவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். உயிரோடாவது இருப்பார்கள்.